குழந்தையின் டயப்பரில் நகரும் அரிசிமணி: செல்லப்பிராணி நாடாப்புழுவைக் கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்றரை வயதுக் குழந்தையின் டயப்பரை மாற்றும்போது மலத்தின் மேல் வெண்மையாக ஓர் அரிசிமணி கிடக்கிறது. மதியம் ஊட்டிய சோறு செரிக்காமல் வந்திருக்கிறது என்று எண்ணித் துடைக்கப் போகும் நேரத்தில், அந்த அரிசிமணி மெல்ல நீள்கிறது, சுருங்குகிறது, சற்றே நகரவும் செய்கிறது. பதறிப்போன பெற்றோர் மருந்துக் கடையில் ‘பூச்சி மருந்து’ கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். சில நாள் எதுவும் தென்படுவதில்லை. பிறகு மீண்டும் அதே அரிசிமணி. மருந்து இன்னொரு முறை கொடுக்கப்படுகிறது, அதுவும் பலிப்பதில்லை.

நாயிடமும் பூனையிடமும் வாழும் டிபைலிடியம் கேனைனம் என்னும் நாடாப்புழு குழந்தையின் குடலில் குடியேறும்போது கதை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. இது அரிதான தொற்று. இந்தியா உட்படப் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் தனித்தனி நிகழ்வுகளாகப் பதிவாகியிருக்கிறது. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். சில மாதங்களே ஆன கைக்குழந்தைகளும் அவர்களில் உண்டு. உயிருக்கு ஆபத்தை விளைவிக்காத, ஒரே வேளை மருந்தில் தீரக்கூடிய இந்தத் தொற்று மாதக்கணக்கில் நீடிப்பதற்கு முதன்மையான காரணம் தவறான நோயறிதல். தமிழில் கீரிப்பூச்சி, நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு, நாடாப்புழு எல்லாவற்றையும் பேச்சுவழக்கில் ‘வயிற்றில் பூச்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதும், அந்த ஒரே சொல்லுக்கு ஒரே மருந்து போதும் என்று நம்புவதும் அந்தத் தவற்றுக்குத் துணைபோகின்றன.

புழு குழந்தையிடம் வந்து சேரும் வழி

நோயறிதலின் ஒவ்வொரு படியும் இந்தப் புழுவின் வாழ்க்கைச் சுற்றைச் சார்ந்தே அமைவதால், அதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. முதிர்ந்த புழு நாயின் அல்லது பூனையின் சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 10 முதல் 70 செ.மீ. வரை, அகலம் 2 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். அதன் உடல் சங்கிலிபோலக் கோத்த கண்டங்களால் ஆனது. முட்டை நிறைந்த கடைசிக் கண்டங்கள் ஒவ்வொன்றாகவோ சிறு சரமாகவோ கழன்று, மலத்தோடும் சில வேளைகளில் தாமாகவே ஊர்ந்தும் ஆசனவாய் வழியே வெளியேறுகின்றன. அவை உலர்ந்து சிதையும்போது சிந்தும் முட்டைகளைத் தெள்ளுப்பூச்சியின் புழுப்பருவ உயிரி தின்கிறது. அது வளர்ந்து முழுத் தெள்ளுப்பூச்சி ஆகும்போது, அதன் உடலுக்குள் நாடாப்புழுவின் தொற்றும் பருவமும் ஆயத்தமாகிவிடுகிறது. நாயின் உடலில் வாழும் ஒருவகைப் பேனும் இவ்வாறே இந்தப் புழுவைச் சுமக்கக்கூடும்.

நாய் தன் உடலைக் கடித்துச் சொறியும்போது அந்தத் தெள்ளுப்பூச்சியை விழுங்குகிறது. குழந்தையோ நாயைக் கட்டிப்பிடித்து விளையாடியபின் விரலை வாயில் வைக்கும்போதோ, தரையில் கிடப்பதை எடுத்து வாயில் போடும்போதோ அதை விழுங்கிவிடுகிறது. தெள்ளுப்பூச்சியைக் கடித்து நசுக்கிய வாயால் நாய் குழந்தையின் முகத்தை நக்குவதும் ஒரு வழி. விழுங்கிய மூன்று, நான்கு வாரங்களில் புழு முதிர்ந்து கண்டங்களை வெளியேற்றத் தொடங்குகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. இந்தப் புழுவின் முட்டையை நேரடியாக விழுங்குவதால் மனிதருக்குத் தொற்று ஏற்படுவதில்லை; இடையில் தெள்ளுப்பூச்சியோ அந்தப் பேனோ இருந்தே ஆக வேண்டும். ஆகவே ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்கு இது பரவாது. அதேபோல, இனிப்பு அதிகம் தின்றதால் பூச்சி வந்தது என்ற பேச்சுக்கும், நாய் முடி வயிற்றுக்குள் போனதால் வந்தது என்ற பேச்சுக்கும் இங்கே இடமில்லை.

முதற்படி: பார்த்ததைச் சரியாகப் பார்த்தல்

இந்தத் தொற்றுக்கென்று தனி அறிகுறி எதுவும் இல்லை. பெரும்பாலான குழந்தைகள் நன்றாக விளையாடிக்கொண்டுதான் இருப்பார்கள். சிலருக்கு ஆசனவாயில் அரிப்பு, காரணமற்ற சிணுங்கல், வயிற்றுவலி, பசியின்மை, இளகிய மலம் ஆகியவை இருக்கலாம். இரவில் பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை நம்பி எந்த முடிவுக்கும் வரவேண்டாம். கண்ணால் காணும் கண்டமே இங்கு முதன்மையான சான்று. அதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், டயப்பரை மாற்றுபவர்தான்.

புதிதாக வெளிவந்த கண்டம் ஏறத்தாழ 8 முதல் 12 மி.மீ. நீளமும் 2 முதல் 3 மி.மீ. அகலமும் கொண்டிருக்கும். தட்டையானது, இரு முனைகளும் சற்றுக் குறுகியிருப்பதால் வெள்ளரி விதையைப் போலத் தோன்றும். நிறம் வெண்மை, இளமஞ்சள், அல்லது முட்டைகளின் காரணமாக இலேசான செம்மை. உயிரோடிருந்தால் நீண்டு சுருங்கும். உலர்ந்துவிட்டால் சிறுத்து, மஞ்சளித்து, எள்ளைப் போலவோ நொய்யரிசியைப் போலவோ ஆகிவிடும். மலத்தில் மட்டுமன்றி உள்ளாடையிலும், படுக்கை விரிப்பிலும், ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலிலும் இதைக் காணலாம்.

இரண்டாம் படி: எதுவெல்லாம் இதைப்போலத் தோன்றும்

இந்தப் படியில் சற்று நிதானிக்க வேண்டும். தவறுகளில் பெரும்பாலானவை நேர்வது இங்கேதான்.

கீரிப்பூச்சியோடு ஏற்படும் குழப்பமே மிகுதி. இரண்டும் வெண்மை, இரண்டும் அசையும், இரண்டும் ஆசனவாயருகே காணப்படும், இரண்டிலும் அரிப்பு இருக்கலாம். ஆனால் பெண் கீரிப்பூச்சி 8 முதல் 13 மி.மீ. நீளமிருந்தாலும் அரை மி.மீ. அகலம்கூட இராது, அது வெள்ளைத் தையல் நூலின் ஒரு துண்டு, வால் ஊசிபோலக் கூர்மையாக இருக்கும். நாடாப்புழுக் கண்டமோ விதையைப் போல அகன்றது. பெற்றோரிடம் “நூல்போல இருந்ததா, அரிசிபோல இருந்ததா?” என்று கேட்கும் ஒரே கேள்வி, பல பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லிவிடும். “சின்னதாக, வெள்ளையாக, நெளிந்தது” என்று மட்டும் கேட்டுவிட்டு மருந்து எழுதும்போதுதான் தவறு நேர்கிறது. வயதும் ஒரு குறிப்பு: கீரிப்பூச்சி பள்ளி செல்லும் வயதினரிடம் அதிகம், மற்றக் குழந்தைகளோடு அதிகம் பழகாத எட்டு மாதக் குழந்தையிடம் ‘கீரிப்பூச்சி’ என்று சொல்லப்பட்டால் இன்னொரு முறை யோசிப்பது தகும்.

மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி வழி வரும் டீனியா வகை நாடாப்புழுவின் கண்டங்கள் இதைவிடப் பெரியவை. ஏறத்தாழ 2 செ.மீ. நீளம்வரை, நாடாத் துண்டைப் போலச் சதுர விளிம்போடு இருக்கும். சரியாக வேகாத அந்த இறைச்சியை உண்டால்தான் குடலில் அந்தப் புழு வளரும். ஆகவே இன்னும் பாலும் பருப்புச்சோறும் மட்டுமே உண்ணும் குழந்தையிடம் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இறைச்சி பற்றிய கேள்வியை மருத்துவர் கேட்கத் தயங்குவதும், கேட்டால் குடும்பத்தினர் முகம் சுளிப்பதும் நம் ஊரில் நடப்பவையே. அது உணவுப் பழக்கத்தின் மீதான தீர்ப்பாக இல்லாமல், விடையில் ஒரு புழுவை விலக்க உதவும் கேள்வி என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியக் குழந்தைகளிடம் காணப்படும் குள்ள நாடாப்புழுவின் கண்டங்கள் பெரும்பாலும் குடலுக்குள்ளேயே சிதைந்துவிடுவதால், அதன் முட்டைகளை மட்டுமே நுண்ணோக்கியில் காணலாம். வெறுங்கண்ணால் கண்டம் தெரிந்தது என்றால் அந்தப் புழுவைப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

புழுவே அல்லாதவையும் உண்டு. செரிக்காத சோற்றுமணியை ஈர்க்குச்சியால் அழுத்தினால் மாவாக நசுங்கும். கண்டம் தோல்போல நெகிழ்ந்து கொடுக்கும். வெள்ளரி, தக்காளி விதைகள், சளி இழைகள் ஆகியவையும் ஏமாற்றும். கழற்றிய டயப்பர் சில மணிநேரம் திறந்து கிடந்திருந்தால் அதில் ஈயின் புழுக்கள் இருக்கலாம். அவை உருண்டையானவை, ஒரு முனை கூர்ந்து கரிய வாய்க்கொக்கியோடும், மறுமுனை மழுங்கி இரண்டு கரும்புள்ளிகளோடும் இருக்கும். எனவே கழற்றிய உடனே பார்த்ததா, பிறகு பார்த்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: கண்டத்தைப் பாதுகாத்து எடுத்துச் செல்லுதல்

அருவருப்பால் பெற்றோர் முதலில் செய்வது அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது. அதோடு மிகச் சிறந்த சான்றும் போய்விடுகிறது. அதற்கு மாறாக, முதலில் கைப்பேசியில் நெருக்கமான ஒளிப்படம் ஒன்றும், அசைவு தெரியும்படி பத்து விநாடிக் காணொளி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அளவு தெரிய அருகில் ஓர் அளவுகோலை வையுங்கள். பின்னர் கையுறை அணிந்து, பஞ்சுக்குச்சியால் கண்டத்தை எடுத்து, மூடியுள்ள சுத்தமான சிறு குப்பியில் இடுங்கள். ஆய்வகங்கள் தரும் மலக்குப்பியே போதும்.

அன்றே கொண்டு செல்ல முடியுமானால், மருந்துக் கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் என்னும் உப்புநீர்க் கரைசலைச் சில துளிகள் விட்டால் கண்டம் உலராது. குழாய்த் தண்ணீரில் இட்டால் அது உப்பி வெடித்து முட்டைகளைச் சிந்திவிடக்கூடும். மறுநாளுக்குமேல் ஆகும் என்றால், 70 விழுக்காடு ஆல்கஹால் கரைசலை ஆய்வகத்திலிருந்தே வாங்கி அதில் இடலாம். கை கழுவும் ஜெல் அதற்கு ஈடாகாது. ஏற்கெனவே உலர்ந்துபோன கண்டத்தையும் எறிய வேண்டாம், ஆய்வகத்தில் சலைனில் ஊறவைத்தால் அது ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

கையுறை எதற்கு என்ற கேள்வி எழலாம். டிபைலிடியம் முட்டை மனிதருக்கு நேரடியாகத் தொற்றாதுதான். ஆனால் பன்றியிறைச்சி நாடாப்புழுவின் முட்டை விழுங்கப்பட்டால் மூளையில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். இன்ன புழு என்று உறுதியாகும்வரை ஒவ்வொரு கண்டத்தையும் அந்த ஆபத்தான புழுவினுடையது என்று கருதியே கையாள வேண்டும்.

நான்காம் படி: கேட்க வேண்டிய கேள்விகள்

வீட்டில் நாயோ பூனையோ உண்டா என்று மட்டும் கேட்பது போதாது. “இல்லை” என்று சொல்லும் குடும்பத்தில், தாத்தா வீட்டு நாயோ, வாசற்படியில் தினமும் படுக்கும் தெருநாயோ, குழந்தையைப் பார்த்துக்கொள்பவரின் வீட்டுப் பூனையோ இருக்கலாம். கடந்த இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை எந்தெந்த வீட்டில் தரையில் தவழ்ந்தது என்று கேட்பதே சரி.

அடுத்து, தெள்ளுப்பூச்சி. பலர் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் ஒன்றாகக் கருதுகிறார்கள். உண்ணி தோலில் கடித்து ஒட்டிக்கொண்டு குருதி குடித்து உப்பும். தெள்ளுப்பூச்சி பக்கவாட்டில் தட்டையாய், முடிக்கிடையே ஓடித் தாவிக் குதிக்கும். இந்த நாடாப்புழுவைச் சுமப்பது உண்ணியன்று. நாயின் முதுகையும் வால் அடிப்பகுதியையும் நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாரி, விழும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத்தாளில் தட்டிப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது செரித்த குருதி, அதாவது தெள்ளுப்பூச்சியின் எச்சம். வெறும் மண்ணானால் நிறம் கசியாது. நாயின் வாலடியிலும் படுக்கையிலும் எள்போன்ற உலர்ந்த கண்டங்கள் உள்ளனவா, நாய் புட்டத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டு நகர்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. எதுவுமே தென்படவில்லை என்பதால் தொற்று இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

மூன்றாவது கேள்வி, ஏற்கெனவே கொடுத்த மருந்து பற்றியது. 2015 முதல் நடைபெறும் தேசியக் குடற்புழு நீக்க நாளில், அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 200 மி.கி., அதற்கு மேல் 400 மி.கி. உருண்டைப்புழு, கொக்கிப்புழு, சாட்டைப்புழு ஆகிய மண்வழிப் புழுக்களைக் குறிவைத்த நல்ல திட்டம் அது. ஆனால் அந்த ஒரு வேளை மருந்தை நம்பி டிபைலிடியம் ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆகவே, “இரண்டு முறை பூச்சி மருந்து கொடுத்தோம், மறுபடியும் வருகிறது” என்ற பெற்றோரின் குறையை மருந்து பலிக்கவில்லை என்ற புகாராக மட்டும் கேட்காமல், நோயைப் பற்றிய துப்பாகவும் கேட்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆய்வகத்தில்

சோதனைச் சீட்டில் ‘மலப் பரிசோதனை’ என்று மட்டும் எழுதினால் வரும் விடை பெரும்பாலும் ‘முட்டைகள் காணப்படவில்லை’ என்பதாகவே இருக்கும். கண்டங்கள் உடையாமல் முழுதாக வெளியேறுவதால் முட்டைகள் மலத்தில் கலப்பது குறைவு. அவை தினமும் வெளியேறுவதும் இல்லை. வெவ்வேறு நாட்களில் மூன்று மாதிரிகள் கொடுப்பது வாய்ப்பைக் கூட்டும் என்றாலும், மூன்றும் எதிர்மறையாக வந்தபின்னும் இந்தத் தொற்று இருக்கக்கூடும். எனவே சீட்டில் ‘நாடாப்புழுக் கண்டம் என்று சந்தேகம், செல்லப்பிராணியோடு பழக்கம் உண்டு’ என்று எழுதி, கண்டத்தையும் சேர்த்து அனுப்புவதே பயன் தரும்.

ஆய்வாளர் கண்டத்தை இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே மெல்ல அழுத்தி, குறைந்த உருப்பெருக்கத்தில் பார்க்கிறார். பக்கத்துக்கு ஒன்றாக, இரு பக்கவாட்டு விளிம்புகளிலும் இனப்பெருக்கத் துளை இருந்தால் அது டிபைலிடியம். டீனியாவில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். இந்தப் புழுவின் பெயரே ‘இரண்டு வாயில்கள்’ என்ற பொருள்பட்ட கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பெயரிலேயே அடையாளத்தைப் பொதிந்து வைத்தவர்களுக்கு நன்றி சொல்லலாம். முட்டை முதிர்ந்த கண்டத்தில் துளைகள் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். அப்போது கண்டத்தை நசுக்கினால் முட்டைப் பொதிகள் வெளிவரும்: மெல்லிய சவ்வுக்குள் ஏறத்தாழ 5 முதல் 15 முட்டைகள் திராட்சைக் கொத்துபோலச் சேர்ந்திருக்கும். ஒவ்வொரு முட்டையும் 35 முதல் 60 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை, உள்ளே ஆறு கொக்கிகள் கொண்ட கரு. இந்தப் பொதியைக் கண்டுவிட்டால் நோயறிதல் முடிந்தது.

கண்டம் கிடைக்காத நிலையில் கீரிப்பூச்சியை உறுதிசெய்யவோ விலக்கவோ ஒட்டுநாடாச் சோதனை உதவும். காலையில் குழந்தை எழுந்தவுடன், மலம் கழிக்கும் முன்னும் கழுவும் முன்னும், ஒளி ஊடுருவும் செல்லோடேப்பை ஆசனவாய்த் தோலில் ஒட்டியெடுத்துக் கண்ணாடிச் சில்லில் பதித்து, மூன்று நாள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். கீரிப்பூச்சி முட்டை நீள்வட்டமாய், ஒரு பக்கம் தட்டையாய், தனித்தனியாக இருக்கும்.

குருதிப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் சற்று மிகுந்திருக்கலாம், இயல்பாகவும் இருக்கலாம். அதை வைத்து இந்தத் தொற்றை உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது. மிகவும் உயர்ந்திருந்தால், நாயின் உருண்டைப்புழுவான டாக்ஸோகாரா போன்ற வேறு காரணத்தைத் தேட வேண்டும். வயிற்று ஸ்கேன் இதற்குத் தேவையில்லை.

‘நாய் நாடாப்புழு’ என்று இணையத்தில் தேடும் பெற்றோர் கல்லீரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வரும் என்று படித்து அஞ்சுவதுண்டு. அது எக்கினோகாக்கஸ் என்னும் வேறொரு நாடாப்புழு. நாயின் மலத்திலுள்ள அதன் முட்டையை விழுங்கினால் உறுப்புகளில் கட்டி வளரும். குழந்தையின் மலத்தில் அதன் கண்டம் ஒருபோதும் வராது. டயப்பரில் கண்டத்தைப் பார்த்தவர் அந்தப் புழுவை எண்ணிக் கலங்கத் தேவையில்லை.

ஆறாம் படி: மருந்துக்கு முன்னும் பின்னும்

பிராசிகுவாண்டல் என்னும் மருந்து, எடையில் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. என்ற கணக்கில், ஒரே வேளையாகக் கொடுக்கப்படுகிறது. பத்துக் கிலோ குழந்தைக்கு இது 50 முதல் 100 மி.கி. மட்டுமே, 600 மி.கி. மாத்திரையை வீட்டில் கணக்குப் பார்த்து உடைப்பது வேண்டாத வேலை. குழந்தைநல மருத்துவர் வயதையும் எடையையும் பார்த்து அளவைத் தீர்மானிக்கட்டும். குழந்தைக்கு இதற்கு முன் வலிப்பு வந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூளையில் டீனியாவின் நீர்க்கட்டி இருக்கும் நிலையில் இந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும். நாய்க்கு வாங்கிய மாத்திரையிலும் இதே மருந்து உள்ளது என்று படித்துவிட்டு அதில் கொஞ்சம் குழந்தைக்குக் கொடுப்பது மிகத் தவறு. அவற்றில் பெரும்பாலும் வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அளவும் விலங்கின் எடைக்கு ஏற்றது.

மருந்து கொடுத்தபின் புழுவின் தலை வெளிவந்ததா என்று மலத்தில் தேடச் சொல்வது பழைய வழக்கம். பிராசிகுவாண்டலால் புழு குடலிலேயே சிதைந்து செரித்துவிடுவதால் அந்தத் தேடல் பலன் தராது. அடுத்த ஐந்து, ஆறு வாரங்களுக்கு டயப்பரைக் கவனிப்பதே சோதனை. முதல் சில நாட்களில் ஓரிரு துண்டுகள் வந்தால் அவை பழையவையாக இருக்கலாம். மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் உயிருள்ள கண்டம் மீண்டும் தோன்றினால், தலை குடலிலேயே தங்கிவிட்டது அல்லது குழந்தை இன்னொரு தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிட்டது. இவற்றைப் பிரித்தறிய வழி, மருந்து கொடுத்த அதே வாரத்தில் கால்நடை மருத்துவரிடம் நாய்க்கும் பூனைக்கும் நாடாப்புழு மருந்தும் தெள்ளுப்பூச்சி மருந்தும் கொடுத்து, அவை படுக்கும் துணிகளை வெந்நீரில் துவைத்து, தரை இடுக்குகளையும் விரிப்புகளையும் பெருக்கி உறிஞ்சியெடுத்திருக்க வேண்டும் என்பதே. தெள்ளுப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் வாரக்கணக்கில் இடுக்குகளில் காத்திருக்கும் என்பதால், விலங்குக்கான மருந்தை ஒரே முறையோடு நிறுத்தாமல் கால்நடை மருத்துவர் சொல்லும் காலம்வரை தொடர வேண்டும். அதையெல்லாம் செய்தும் கண்டம் வந்தால், அதையும் சலைன் குப்பியில் இட்டு, முதல் குப்பி சென்ற அதே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.